1:64 டிரிங்கோமலி: அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு ஒட்டுவது பற்றி

#1 பாய்மரன்

வணக்கம் நண்பர்களே. மாதிரிக் கப்பலாகக் கட்ட எடுத்திருப்பது எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, 1:64 அளவில் (அசலில் 64இல் ஒரு பங்கு). நம்ம திருகோணமலைப் பெயரைத் தாங்கி, 1817இல் பம்பாய்க் கப்பல் துறையில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி இறக்கிய ஃபிரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்). இப்போது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஹல்லுக்கு (கப்பலின் உடல்) இரண்டாவது அடுக்குப் பலகையும் ஏறிவிட்டது, நீர்மட்டக் கோடும் போட்டாயிற்று. அடுத்தது செப்பு. நான்கு கேள்விகள்:

மாதிரிக் கப்பல் பெட்டியோடு வந்த தகடுகளில் ஆணித்தலை புடைத்து நிற்கிறது. அதையே ஒட்டுவதா, செப்பு டேப் வாங்கி வெட்டுவதா? வரிசையை எங்கே தொடங்குவது? அணியத்திலும் (முன்புறம்) பின்புறத்திலும் வரிசைகள் மேல்நோக்கி வளைந்து போவதை எப்படிச் சமாளிப்பது? முடிந்ததும் லேக்கர் அடிக்கலாமா?

#2 ஏராமரம்

முதலில் அளவு. பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கமான தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:64இல் அது 19 மி.மீ. × 5.56 மி.மீ. கண்ணாடி ஓவிய வேலைக்காரர்கள் ஈயம் பற்றவைக்கப் பயன்படுத்தும் செப்பு டேப்பில் 7/32 அங்குல அகலம் ஒன்று உண்டு. 14ஐ 64ஆல் வகுத்தால் மிகச் சரியாக அதே 7/32. அகலத்தில் கை வைக்கவே வேண்டாம், நீளத்துக்கு வெட்டினால் போதும். 1:72, 1:75 கட்டுபவர்கள் 3/16 வாங்கலாம். 1:48க்கு 7.4 மி.மீ. வேண்டும், அந்த அளவில் டேப் தேடுவதைவிடத் தகட்டுச் சுருளை வாங்கி வெட்டிக்கொள்வது நல்லது.

தடிமனையும் பாருங்கள். அசல் தகடு சதுர அடிக்கு 28 அல்லது 32 அவுன்ஸ். 32 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 1.1 மி.மீ. அதை 64ஆல் வகுத்தால் 0.017 மி.மீ. ஒரு மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) டேப்பில் செப்பு மட்டுமே 0.025 மி.மீ. இருக்கிறது. அதாவது கிடைப்பதிலேயே மெல்லிய டேப்கூட அளவுக்குக் கொஞ்சம் தடித்ததுதான். ஒன்றேகால், ஒன்றரை மில் டேப்பெல்லாம் இந்த வேலைக்கு வேண்டாம்.

எண்ணிக்கைக்கு ஒரு வழி: ஏராவிலிருந்து (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) நீர்மட்டக் கோடு வரை ஐந்தாறு இடங்களில் காகிதப் பட்டையை ஹல்லோடு ஒட்டி வைத்து அளந்து சராசரி எடுங்கள். இந்த வகை ஃபிரிகேட்டுக்கு 1:64இல் நடுவில் 15 செ.மீ. பக்கம் வரும், சராசரி 12 என்று வைக்கலாம். நீளம் 69 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது போக ஒரு தகடு வெளியே காட்டும் பரப்பு 18.5 × 5 மி.மீ. கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 900. ஏரா, சுக்கான் சேர்த்து 2000. வீணாவதையும் சேர்த்து 2200 வெட்ட வேண்டும் என்றால் 42 மீட்டர் டேப். ஒரு சுருள் 33 மீட்டர்தான், ஆகவே இரண்டு சுருள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்குங்கள். பிறகு வாங்கும் சுருள் வேறு நிறத்தில் கறுக்கும். ஹல்லின் பாதியில் நிறம் மாறினால் மறைக்க வழியே இல்லை.

#3 உப்புத்தாள்

டேப் வாங்குறதுக்கு முன்னாடி ஹல்லைப் பாருங்க. 0.025 மி.மீ. செப்பு எதையும் மறைக்காது. பலகை இடுக்கு, உப்புத்தாள் கீறல், ஒட்டிக்கிட்ட ஒரு தூசி, எல்லாமே மேல தெரியும். பெயின்ட் அடிச்சா ஓரளவு மூடும், செப்பு நேர்மாறு. பளபளப்பு இருக்கறதால பள்ளம் மேடு இன்னும் எடுப்பா தெரியும்.

பட்டி பார்க்கணும். கார் பெயின்ட் கடையில கிடைக்கிற பாலியஸ்டர் பட்டியை மெல்லிசா இழுத்து, காய்ஞ்சதும் 120 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, 240, 320ன்னு போங்க. உப்புத்தாளை வெறும் விரலால பிடிச்சுத் தேய்க்காதீங்க, விரல் போற இடம் பள்ளமாயிடும். வளையக்கூடிய ரப்பர் கட்டையில சுத்தித் தேய்க்கணும். லைட்டைப் பக்கவாட்டுல வச்சுப் பார்த்தா மிச்சம் இருக்கிற மேடு நிழலாத் தெரியும்.

அதுக்கப்புறம் மெல்லிய எபாக்சி ஒரு கோட் கண்டிப்பா போடுங்க. காரணம் இருக்கு. மரம் ஈரத்துக்கு ஏத்த மாதிரி குறுக்குவாட்டுல விரியும், சுருங்கும். செப்பு ஈரத்துக்கு அசையாது. மழைக்காலம் போய் வெயில் வந்ததும் பலகை இடுக்கு விரிஞ்சு, மேல இருக்கிற டேப் அந்தக் கோட்டோட சுருங்கி மடிப்பு விழும். எபாக்சி இடுக்கை எல்லாம் பூட்டிடும். டெக் மூடலைன்னா ஹல்லுக்கு உள்பக்கமும் ஒரு கோட் அடிங்க. வெளிய மட்டும் அடிச்சா ஈரம் உள்ளே இருந்து ஏறும். எபாக்சி இல்லைன்னா அரக்குப் பாலிஷ் இரண்டு கோட், நடுவுல 400 தாள். பரவாயில்லைன்னு சொல்லலாம், எபாக்சிக்கு ஈடு இல்லை.

#4 பாய்மரன்

எபாக்சியின் பளபளப்பின் மேல் டேப் ஒட்டுமா? ஆணித்தலை பற்றி யாரும் சொல்லவில்லையே.

#5 உப்புத்தாள்

ஒட்டும், பளபளப்பை எடுத்துட்டா. எபாக்சி முழுசா இறுக ஒரு வாரம் விட்டு, 400 ஈரத்தாளால தேய்ச்சு மங்கலாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. அதுக்கப்புறம் வெறுங்கை படக்கூடாது. ஈரக்காத்துல எபாக்சி இறுகினா மேல மெழுகு மாதிரி ஒரு படலம் நிக்கும். டேப் உரியறதுல பாதி அதனாலதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில கழுவினா போயிடும்.

#6 கலப்பத்து

ஆணி விஷயத்துக்கு வருகிறேன். பெட்டித் தகடுகளில் புடைப்பு பெரும்பாலும் 0.7 முதல் 1 மி.மீ. வரை இருக்கும். 0.7 மி.மீ.யை 64ஆல் பெருக்கினால் 45 மி.மீ. அந்த அகலத்தில் தலை வைத்த ஆணியை எந்தத் தச்சனும் கப்பலின் அடியில் அடித்ததில்லை. அசலில் தலை தகட்டோடு சமமாக, சற்று உள்ளே அமுங்கும்படி அடித்தார்கள். கரடுமுரடாக நின்றால் தண்ணீர் இழுக்கும், வேகம் குறையும். பாசியும் சிப்பியும் பிடிக்காமல் கப்பல் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகத்தானே செப்பே போட்டார்கள்.

ஆகவே புடைப்பு தவறு. குழி இருக்கலாம், அதுவும் மிக மெல்லியதாக. ஒரு சிறிய பித்தளைக் கட்டையில் 0.3 மி.மீ. கம்பிகளை ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே மூலைவிட்ட வரிசையாகவும் நட்டு, முனைகளை ஒரே மட்டத்தில் தேய்த்து அச்சு செய்துகொள்ளுங்கள். டேப்பின் பின்காகிதத்தை உரிக்காமல், முகப்புப் பக்கம் மேலே இருக்க, அடியில் தடித்த அட்டை வைத்து அழுத்தினால் குழி விழும். தையல்காரர்களின் பல்சக்கரம் வேண்டாம், அதன் இடைவெளி 1:64க்குப் பெரிது. பெட்டித் தகட்டைப் பின்பக்கம் திருப்பி ஒட்டினால் புடைப்பு குழியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. குழி ஆகும், ஆனால் அதே பெரிய அளவில்தான் இருக்கும்.

1:64இல் ஆணியே காட்டாமல் விட்டாலும் தவறில்லை. இரண்டடி தள்ளி நின்று மாதிரியைப் பார்ப்பது, அசலை 128 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் தகடுகளின் விளிம்பும், ஒன்றுக்கொன்று நிற வேறுபாடும் தெரியும். ஆணி தெரியாது.

அடுக்கும் முறை: பின்புறத்தில், ஏராவை ஒட்டித் தொடங்குங்கள். அங்கிருந்து முன்னோக்கியும் மேல்நோக்கியும் போக வேண்டும். அப்போதுதான் முன்தகட்டின் பின்விளிம்பு பின்தகட்டின் மேல் ஏறும், மேல்வரிசை கீழ்வரிசையின் மேல் ஏறும். கப்பல் முன்னே போகும்போது தண்ணீர் அணியத்திலிருந்து பின்னோக்கி ஓடுவதால் எந்த விளிம்பும் எதிர்நீரைப் பிடிக்காது. அணியத்திலிருந்து தொடங்கியவர்களின் மாதிரியில் எல்லா விளிம்பும் தலைகீழாக இருக்கும், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். அடுத்தடுத்த வரிசைகளில் செங்குத்து இணைப்பு அரைத்தகடு தள்ளி வர வேண்டும். ஏறும் அளவு 0.5 மி.மீ., அசலில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

#7 உப்புத்தாள்

ஒன்றின் மேல் ஒன்று ஏத்தறதுல எனக்கு உடன்பாடு இல்லை அண்ணா. டேப்புல செப்பு 0.025தான், ஆனா பசையும் சேர்ந்து ஏறும். மூணு தகடு சந்திக்கிற மூலைல ஒரு மேடு வந்துடும். மேல ஏறின பாகத்துக்குக் கீழ செப்பு, மரம் இல்லை, அதுல பிடிப்பும் குறைவு. உரியறது எப்பவும் அந்த 0.5 மி.மீ. விளிம்புலதான் தொடங்குது. ஹல் முழுக்கச் செங்கல் பழுப்புல பெயின்ட் அடிச்சுட்டு விளிம்போட விளிம்பு சேர்த்து ஒட்டினா சின்ன இடைவெளி வந்தாலும் மரம் தெரியாது. சுத்தமா இருக்கும்.

#8 கலப்பத்து

பிடிப்பு பற்றிச் சொன்னது சரி தம்பி. ஆனால் விளிம்போடு விளிம்பு சேர்ப்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. 30 வரிசையையும் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் கொண்டுபோக வேண்டும். ஹல் இரண்டு திசையிலும் வளைந்த பரப்பு. நேரான பட்டைகள் அதில் விளிம்பு பொருந்தி உட்காரா, எங்காவது ஆப்பு வடிவத்தில் இடைவெளி வரும். ஏற்றி ஒட்டினால் 0.3இலிருந்து 0.8 வரை கூட்டிக் குறைத்து அந்த வித்தியாசத்தை உள்ளே மறைத்துவிடலாம். அசல் தச்சர்களும் அதைத்தான் செய்தார்கள். தவிர, ஏறிய விளிம்பு தரும் மெல்லிய நிழல்கோடு வேறு எந்த வழியிலும் வராது. உரியாமல் இருக்க, ஒட்டியதும் மூங்கில் குச்சியால் விளிம்பை மட்டும் தனியாக ஒரு முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். குச்சியின் முனை உருண்டையாக இருக்கட்டும், உலோகம் கூடாது.

1:96ஐவிடச் சிறிய மாதிரிகளுக்குப் போனால் நீங்கள் சொல்வதே சரி. அங்கே ஏறிய விளிம்பு அளவுக்கு மிஞ்சித் தெரியும்.

#9 ஏராமரம்

மூன்றாவது கேள்வி. செப்பு வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், பலரும் கவனிக்காமல் விடுவதும் இதுதான்.

வரிசைகள் ஏன் வளைகின்றன? நடுவில் ஏராவிலிருந்து நீர்மட்டக் கோடு வரை 15 செ.மீ. சுற்றளவு, வரிசைக்கு 5 மி.மீ. என்றால் 30 வரிசை. பின்தூணை ஒட்டியும் முன்தூணை ஒட்டியும் (ஹல்லின் இரு முனைகளிலும் நிற்கும் மரங்கள்) 9 செ.மீ.தான், 18 வரிசை. ஏராவுக்கு இணையாகவே மேலே வந்துகொண்டிருந்தால் 18ஆவது வரிசை இரு முனையிலும் நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். நடுவில் இன்னும் 12 வரிசை பாக்கி இருக்கும். அந்த வளைவோடு அப்படியே போய் நீர்மட்டக் கோட்டில் வெட்டி முடித்தால், கண்ணுக்கு மிக எடுப்பான இடத்தில் நூற்றுக்கணக்கான சாய்வு வெட்டுகள் வந்து நிற்கும்.

தச்சர்கள் ஹல்லை இரண்டு பட்டையாகப் பிரித்தார்கள். கீழ்ப்பட்டை ஏராவுக்கு இணை, மேல்பட்டை நீர்மட்டக் கோட்டுக்கு இணை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் கீழ்ப்பட்டையின் வரிசைகள் ஒவ்வொன்றாகச் சாய்வாக வெட்டப்பட்டு முடியும். அந்தக் கோடு தண்ணீருக்கு வெகு ஆழத்தில், ஹல்லின் வளைவுக்குள் போய்விடுகிறது.

செய்முறை: நீர்மட்டக் கோட்டிலிருந்து ஹல்லின் பரப்போடு 45 மி.மீ. கீழே, முழு நீளத்துக்கும் புள்ளி வையுங்கள். அது 9 வரிசை. 1 × 3 மி.மீ. மரப்பட்டை ஒன்றைக் குண்டூசியால் அந்தப் புள்ளிகளில் வளைத்துப் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். எந்த இடத்திலும் முறிவு இல்லாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். அளவு சொல்வதைவிடப் பட்டையின் ஓட்டம் சொல்வதையே நம்புங்கள், ஒரு மி.மீ. முன்பின் ஆனால் மேல்பட்டையில் கரைத்துவிடலாம். திருப்தியானதும் பென்சில் கோடு.

கீழ்ப்பட்டையை முதலில் முடியுங்கள். நடுவில் 21 வரிசை வரும், முனைகளில் 9. ஒவ்வொரு நான்கு வரிசைக்கும் மரப்பட்டையை வைத்து ஓட்டத்தைச் சரிபாருங்கள். கோட்டைத் தாண்டி ஒரு மி.மீ. நீட்டி ஒட்டி, பிறகு புதுப் பிளேடால் கோட்டோடு வெட்டுங்கள். வெட்டு முனை ஊசிபோல வரும் இடத்தில் அந்தத் துண்டை ஒட்டவே வேண்டாம். தகட்டகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் பக்கத்துத் தகட்டை அகலமாக வெட்டி அந்த இடத்தையும் மூடுங்கள். கூர்முனைதான் முதலில் உரியும். பிறகு மேல்பட்டையின் முதல் வரிசை இந்த வெட்டுகளின் மேல் அரை மி.மீ. ஏறி எல்லாவற்றையும் மூடும். அங்கிருந்து 9 வரிசையும் நீர்மட்டத்துக்கு இணையாக மேலே போகும். கடைசி வரிசையின் மேல்விளிம்பு கறுப்பு பெயின்ட்டின் மேல் அரை மி.மீ. ஏறட்டும், அதனால் பெயின்ட்டை முதலிலேயே முடித்துவிடுங்கள். செப்பின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் டேப்போடு தகடும் வந்துவிடும்.

அணியத்தின் கன்னத்திலும் பின்புறக் குழிவிலும் 19 மி.மீ. தகடு ஓரத்தில் சுருங்கும். அங்கே ஒரு விளிம்பை அரை மி.மீ. சரிவாக வெட்டி ஒட்டினால் படியும். இழுத்து நீட்டிப் படிய வைத்தால் அன்றைக்கு உட்காரும், ஒரு மாதத்தில் எழும்பும்.

#10 நெய்தல்

இடையில் ஒரு கேள்வி. ‘கட்டி சார்க்’ என்ற கப்பலின் மாதிரி கட்டுகிறேன், இதே டேப் போதுமா? பக்கத்தில் ‘என்டவர்’ கப்பலின் பெட்டியும் இருக்கிறது.

#11 கலப்பத்து

கட்டி சார்க் 1869. அதற்குப் போட்டது வெறும் செப்பு அல்ல, மன்ட்ஸ் உலோகம்: 60 பங்கு செப்பு, 40 பங்கு துத்தநாகம். 1832இல் காப்புரிமை பெற்ற கலவை, செப்பைவிட மலிவு. நிறம் பித்தளை மஞ்சள். சிவந்த செப்பு டேப் ஒட்டினால் கப்பலே மாறிப்போகும். அதே கண்ணாடி வேலைக் கடைகளில் பித்தளை டேப் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

என்டவருக்குச் செப்பே கிடையாது. 1768இல் அது புறப்பட்டபோது அடியில் மேலாகப் பொதிந்த மரப் பலகையும் அதில் நெருக்கமாக அடித்த ஆணிகளும்தான். மங்கிய வெள்ளைப் பூச்சு அடியுங்கள். பவுன்டி கப்பல் வேறு, 1787இல் டெட்ஃபோர்டில் செப்பு போட்டார்கள். விக்டரி கப்பல் கட்டுபவர்கள் ஆண்டைப் பார்க்க வேண்டும்: 1765இல் நீரில் இறங்கியபோது செப்பு இல்லை, 1780இல்தான் போட்டார்கள், 3923 தகடுகள். டிராஃபல்கர் போர்க்காலக் கோலத்தில் கட்டினால் செப்பு வேண்டும்.

செப்பு பரவலாக வர இத்தனை ஆண்டு ஆனதற்குக் காரணம் உண்டு. 1761இல் அலார்ம் என்ற ஃபிரிகேட்டில் முதல் சோதனை. இரண்டு ஆண்டில் பார்த்தால் மரத்தைத் துளைக்கும் கடற்புழு தொடவில்லை, ஆனால் செப்பைத் தொட்ட இரும்பு ஆணிகளைக் கடல்நீர் தின்றுவிட்டது. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் தங்கிய இடங்களில் மட்டும் இரும்பு பிழைத்திருந்தது. இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் மின்னரிப்பு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1779க்குப் பிறகுதான் கடற்படை முழுக்கச் செப்பு போட்டார்கள். இரும்பு போல்ட்டுகளை மாற்றுவது அதற்கும் பிறகு வந்தது. மாதிரியிலும் இது பொருந்தும். சுக்கான் கீலுக்கு இரும்புக் கம்பி வைத்துச் செப்போடு தொட விடாதீர்கள், பித்தளையே வையுங்கள்.

#12 பாய்மரன்

அருமை. பசைக்கு வருவோம். டேப்பின் சொந்தப் பசை எத்தனை காலம் தாங்கும்? பெவிக்விக் மேல் சிலருக்கு நம்பிக்கை அதிகம்.

#13 உப்புத்தாள்

அக்ரிலிக் பசை வந்த டேப், சுத்தமான எபாக்சி மேல, நல்லா அழுத்தித் தேய்ச்சிருந்தா நீண்ட காலம் நிக்கும். பசை அழுத்தத்துக்குத்தான் பிடிக்கும், விரலால தடவினா போதாது. சுருளை வெயில் படற அலமாரியில போட்டு வச்சிருந்தா பசை ஓரத்துல கசியும், அதை வாங்காதீங்க.

பெவிக்விக் மாதிரி சயனோ பசையில மூணு சிக்கல். ஒட்டினதும் நகர்த்த முடியாது. ஆவி பட்டு சுத்தி இருக்கிற தகடுல வெள்ளைப் பூஞ்சை மாதிரி படியும், அசிட்டோன்லதான் போகும். அந்த அசிட்டோன் டேப் பசையையும் பெயின்ட்டையும் கரைக்கும். ஆனா பசை இல்லாத பெட்டித் தகட்டுக்கு வேற வழி குறைவு. கெட்டியான ஜெல் வகை எடுத்து, ஊசிமுனையில தகட்டு நடுவுல ஒரு பொட்டு, நாலு மூலைக்குக் கொஞ்சம், ஃபேன் ஓடட்டும். ரப்பர் பசை தடவி ரெண்டு பக்கமும் காயவிட்டு ஒட்டறதும் உண்டு. பிடிக்கும், ஆனா தடிமன் கூடும்.

எழும்பின விளிம்புக்கு மட்டும் தண்ணியா இருக்கிற சயனோவை ஊசிமுனையில தொட்டு ஓரத்துல வச்சா அதுவே உள்ள போயிடும். அதுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

#14 ஏராமரம்

நிறமும் லேக்கரும். வேலை முழுக்க நைட்ரைல் கையுறை போடுங்கள். விரல்ரேகையின் உப்பு முதல் நாள் தெரியாது, சில வாரத்தில் ரேகையோடு கறுத்து நிற்கும். ரப்பர் பேண்டு போட்டுத் தகடுகளை அழுத்தி வைக்காதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் கறுப்புக் கோடு போடும். வீட்டுச் செப்புக்குடத்துக்குச் செய்வது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். குடத்தைக் கழுவிவிடலாம். இங்கே ஏறிய விளிம்புகளுக்குள் உப்பு தங்கி, பச்சை பிடிக்கும். பாலிஷ் பசைகளும் அதே இடத்தில் வெள்ளையாகத் தங்கும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அவ்வளவுதான்.

லேக்கர் வேண்டாம் என்பது என் கருத்து. புத்தம்புதுச் செப்பின் ஆரஞ்சுப் பளபளப்பு துறையை விட்டுப் புறப்படும் நாளுக்குரியது. அப்படியே விட்டால் ஓராண்டுக்குள் தானாகவே பழுப்பு ஏறும், ஒவ்வொரு தகடும் கொஞ்சம் வேறு வேறாக. அந்த வேறுபாடுதான் ஹல்லுக்கு உயிர்.

#15 கலப்பத்து

உள்நாட்டில் அது சரி. கடலோர ஊரில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் பழுப்போடு நிற்காது, புள்ளி புள்ளியாகப் பச்சை வரும். அங்கே பழுப்பு திருப்தியான நிலைக்கு வந்ததும் மங்கல் அக்ரிலிக் லேக்கர் இரண்டு மெல்லிய கோட் தெளித்துவிட வேண்டும். தூரிகையால் அடித்தால் விளிம்பில் தேங்கும். பென்ஸோடிரையசோல் கலந்த லேக்கர் கிடைத்தால் இன்னும் நல்லது, செப்பின் அரிப்பைத் தடுக்க அதைத்தான் சேர்ப்பார்கள்.

உடனே பழுப்பு வேண்டுமென்றால் லிவர் ஆஃப் சல்ஃபர் (செப்பைக் கறுக்க வைக்கும் கந்தகச் சேர்மம்): பட்டாணி அளவு கட்டி, அரை லிட்டர் வெதுவெதுப்பான நீர். பஞ்சைப் பிழிந்து துடைத்து, வேண்டிய நிறம் வந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து நிறுத்துங்கள். ஹல்லை நனைக்கக் கூடாது. அமிலம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, நச்சு வாயு வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும். கோயில் கூரைக் கலசம் போல் முழுக்கப் பச்சையாக்குவது மட்டும் வேண்டாம். கடல்நீருக்குள் செப்பு மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும், பாசி ஒட்டாமல் இருப்பதே அதனால்தான். பச்சை சேரும் இடம் நீர்மட்டத்தை ஒட்டிய ஓரிரு வரிசை. அங்கே லேசாக ஒரு சாயல் போதும்.

கண்ணாடிப் பெட்டி செய்யும்போது புளிப்பு வாடை வரும் சிலிகான் போட்டிருந்தால், வாடை முழுக்கப் போகும்வரை கப்பலை உள்ளே வைக்காதீர்கள். அந்த அசெட்டிக் அமிலம் செப்பைத் தாக்கும்.

#16 பாய்மரன்

கடைசியாக ஒன்று. ஏராவின் அடிப்பக்கமும் சுக்கானும் எந்த வரிசையில்?

#17 ஏராமரம்

அவை இரண்டும் முதலில். ஏராவுக்குக் கீழே இருக்கும் பொய்ஏராவை ஒட்டும் முன், ஏராவின் அடிப்பக்கத்தைத் தனியாக மூடுங்கள். பொய்ஏராவையும் தனியாக மூடி, பிறகு இரண்டையும் சேர்க்க வேண்டும். தரைதட்டிப் பொய்ஏரா பிய்ந்து போனாலும் ஏராவின் செப்பு அப்படியே இருக்கட்டும் என்பதற்காக அசலில் அப்படித்தான் செய்தார்கள். மாதிரி நிற்கும் தாங்கிக்குத் துளை போடுவதானால் அதையும் செப்புக்கு முன்பே போட்டு, ஆணியைச் செருகிப் பாருங்கள். பிறகு துளையிட்டால் டிரில் முனை டேப்பைச் சுருட்டி இழுக்கும்.

சுக்கானுக்கு முன்விளிம்பை முதலில் மூடி, பக்கங்களைப் பின்விளிம்பிலிருந்து முன்னோக்கி ஒட்டுங்கள். வரிசைக் கோடுகள் பின்தூணின் வரிசைகளோடு ஒரே மட்டத்தில் வர வேண்டும். சுக்கானைத் தற்காலிகமாக மாட்டிப் பென்சிலில் குறித்துக்கொண்டால் தவறாது. கீல்பட்டைகள் செப்பின் மேல்தான் உட்காரும். அவற்றை எபாக்சியில் ஒட்டி, இரண்டு பக்கமும் ஊசி அளவு பித்தளை முளை அடித்துவிடுங்கள். டேப்பின் பசையை மட்டும் நம்பி மேலே எடையை ஏற்றினால் தகடோடு சேர்ந்து கீலும் கழன்று வரும்.